ஒன்றும் செய்யாவிட்டாலும் முப்பது

சாவி அப்பாவிடம் இருக்கிறது அக்கா. பாஸ்புக் பதிய பாங்குக்குப் போயிருக்கிறார், அரை மணி நேரத்தில் வந்துவிடுவார். போகும்போது என்னிடம், "வீடு பாக்க யாரும் வந்தா உக்கார வையி, தண்ணி குடு, வாயத் தொறக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். உட்கார வைத்துவிட்டேன். தண்ணீர் கொடுத்துவிட்டேன். மூன்றில் இரண்டு பண்ணியாச்சு, போதும்.

போன வாரம் இரண்டு குடும்பம் வந்து பார்த்தது. திரும்பி வரவே இல்லை. என் வாய்தான் காரணம் என்கிறார் அப்பா. நான் என்ன சொன்னேன்? மாடி ஒழுகுமா என்று கேட்டார்கள். ஒழுகும் என்றேன். சொல்லக் கூடாதென்றால் எதற்குக் கேட்கிறார்கள்?

உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கா? மூணு வயசா? சரி, அப்படியென்றால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

மேலே இருப்பது ஜெசிந்தா டீச்சரும் அவர் பையன் எபியும். எபிக்கு ஆறு வயது. எபியின் அப்பா மஸ்கட்டில் இருக்கிறார். ஏழு வருஷமாக இங்கேதான் குடியிருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலி பண்ணுகிறார்கள், லாரி சொல்லியாச்சு. ஒழுகாதபடி மொட்டை மாடியைப் பூசிக் கொடுத்தால் லாரியை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று டீச்சர் நேற்றுகூடச் சொன்னார். அப்பா பூச மாட்டேன் என்கிறார். இன்றைக்குப் புதன். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதில் என் பெயரும் அடிபடுகிறது. அதனால் நானே சொல்லிவிடுவது நல்லது. வீட்டுக்கு முன்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவரிடம் கேட்டீர்கள் என்றால் வேறு மாதிரி சொல்லுவார். அவருக்கு என்னைப் பிடிக்காது. எழுத்து மங்கலா விழுது என்று ஒரு தடவை சொன்னேன், அதிலிருந்து.

என் பெயர் சொர்ணா. பதினெட்டு வயது. ப்ளஸ் டூ பாதியில் நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை. வீட்டில் கஷ்டம் இல்லை, காதல் கீதல் எதுவும் இல்லை. பிடிக்கவில்லை, நின்றேன். தெருவில் ஒருவர் பாக்கி இல்லாமல் அட்வைஸ் பண்ணினார்கள். அம்மா சென்னையில் அண்ணன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள், அங்கிருந்து போனிலேயே அழுதாள். ஜெசிந்தா டீச்சர் நான் படித்த பள்ளிக்கூடத்தில்தான் கெமிஸ்ட்ரி டீச்சர். அவர் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நாளைக்குக் காலைல சும்மாதான இருப்ப? எபியை வேன்ல ஏத்திவிடுதியா?" என்று கேட்டார். ஏற்றிவிட்டேன். அதிலிருந்து நான்தான் ஏற்றிவிடுகிறேன். அதற்காக எனக்கு அவர்கள் மேல் ரொம்பப் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். வேன் சரியாக எட்டு பத்துக்கு வரும், நான் அந்த நேரம் வாசலில் நிற்பேன், அவ்வளவுதான்.

இப்போது அப்பாவுக்கு வருகிறேன். அப்பா மின்வாரியத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். பில் இல்லாத பொருள் ஒன்று உலகத்தில் உண்டு என்பதையே ஒத்துக்கொள்ள மாட்டார். டீச்சர் குடிவந்த வருஷம், சம்பளத்தில் வரி குறைக்க வாடகை ரசீதும் அப்பாவுடைய பான் நம்பரும் கேட்டார். அன்றைக்குப் பிடித்தது அப்பாவுக்குப் பயம். வாடகை வாங்குவது இனிமேல் அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடும், பென்ஷன், கடை வாடகை எல்லாம் சேர்ந்து வரி வந்துவிடும். என்ன செய்யலாம் என்று டீக்கடையில் யாரிடமோ கேட்டிருக்கிறார். வீட்டுக்கு ரிப்பேர் செலவு செய்து பில் வைத்தால் அதை வாடகையில் கழித்துக்கொள்வார்கள் என்று எவனோ சொல்லியிருக்கிறான். எவன் என்று இன்று வரைக்கும் தெரியாது. நல்லா இருக்கட்டும் அவன்.

அதிலிருந்து வருஷா வருஷம் மாசி பிறந்தால் எங்கள் வீட்டில் வேட்டைதான். மார்ச் முப்பத்தொன்றுக்குள் பில் சேர்க்க வேண்டும். அப்பா மாடிப்படி ஏறிப் போய்க் கதவைத் தட்டுவார்.

"டீச்சர், ஏதும் ஒடஞ்சிருக்கா?"

"இல்லியே அண்ணாச்சி."

"கொழாய்?"

"நல்லாருக்கு."

"திருகிப் பாத்தியளா?"

"பாத்தேன் அண்ணாச்சி."

"இன்னொரு தடவ நல்லா திருகுங்க."

உடைகிற வரைக்கும் திருகச் சொல்வார். ஒரு வருஷம் எதுவுமே உடையவில்லை. நன்றாக இருந்த வாஷ்பேசினைக் கழற்றிவிட்டுப் புதுசு வைத்தார். அந்தப் பழையதில்தான் இப்போது துளசி இருக்கிறது, அந்தா பாருங்கள். மாடித் தளத்துக்கு வருஷம் தவறாமல் பூச்சு. உள்ளே பெயின்ட். டீச்சருக்குப் பச்சை பிடிக்குமென்றால் பச்சை. பக்கத்து வீடுகளில் குடியிருப்பவர்கள், "இப்படி ஒரு ஓனர் கிடைக்க என்ன புண்ணியம் செஞ்சியளோ டீச்சர்" என்று பெருமூச்சு விடுவார்கள். டீச்சர், "நான் செய்யல, வரி ஆபீஸ் செஞ்ச புண்ணியம்" என்பார்.

பில் எல்லாவற்றையும் அப்பா ஒரு நோட்டில் தேதி வாரியாக ஒட்டுவார். ஜூலையில் அதை வைகுண்டம் என்ற ஆளிடம் கொண்டுபோவார். ஆடிட்டர் இல்லை, ஆடிட்டர் மாதிரி. நாலு பேருக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவர். அவர் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கணக்கு எழுதக் காசு தனியாக, பில் ஒன்றுக்குப் பத்து ரூபாய் தனியாக வாங்குவார். பில்லைச் 'சரிபார்க்க' என்று.

போன வருஷம் ஜூலையில் பில்லுக்குப் பதினைந்து என்றார். அறுபத்திரண்டு பில். எனக்கு எரிச்சலாகிவிட்டது. "அந்தாளு கம்ப்யூட்டர்ல தட்டுறத நான் போன்ல தட்ட மாட்டனா?" என்று அப்பாவுடைய பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு நானே உட்கார்ந்தேன்.

வாடகை போட ஒரு கட்டம் இருந்தது. போட்டேன். கார்ப்பரேஷனுக்குக் கட்டின வீட்டு வரிக்கு ஒரு கட்டம். போட்டேன். லோன் வட்டிக்கு ஒரு கட்டம், எங்களுக்கு லோன் இல்லை, விட்டுவிட்டேன். பில் போடுகிற கட்டத்தைத் தேடினேன். ஒரு மணி நேரம் தேடினேன் அக்கா. இல்லவே இல்லை. அதற்கு மேலே முப்பது சதவீதம் என்று ஒரு தொகை தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் தட்டவே இல்லை. அழித்தாலும் அழியவில்லை.

அப்புறம் படித்துப் பார்த்தேன். வாடகையில் வீட்டு வரியைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் முப்பது சதவீதத்தை ரிப்பேர் கிப்பேர் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து அவர்களே கழித்துவிடுகிறார்கள். செலவு செய்தாலும் முப்பது. செய்யாவிட்டாலும் முப்பது. வீடே இடிந்து விழுகிற அளவுக்கு வைத்திருந்தாலும் வாடகை வந்தால் முப்பது. பில் ஒருத்தனும் கேட்க மாட்டான். பழைய வருஷக் கணக்கெல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஆறு வருஷமும் அதே முப்பதுதான் கழித்திருக்கிறது. அப்பா ஒட்டின ஒரு பில்கூட எங்கேயும் போகவில்லை.

வைகுண்டத்துக்கு போன் போட்டேன். "ஏன் சொல்லல?" என்றேன். "அண்ணாச்சி கேக்கலியேம்மா. அவ்வளவு ஆசையா ஒட்டிட்டு வாராரு, வேண்டாம்னா சொல்ல?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அப்பா அப்போது தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்றெல்லாம் நான் காத்திருப்பதில்லை.

விண்ட தோசை அவர் கையில் அப்படியே இருந்தது. பிறகு, "ஒண்ணுமே செய்யாட்டாலுமா?" என்றார்.

"ஒண்ணுமே செய்யாட்டாலும்."

"பெயின்டு அடிக்காட்டாலும்?"

"சுண்ணாம்பு கூட வேண்டாம்."

"காட்டு."

காட்டினேன். ஒவ்வொரு வரியாக வாசித்தார். மறுநாள் காலை ஆறு நோட்டையும் எடுத்து வைத்து, மொத்தம் எவ்வளவு செலவு என்று கூட்டினார். கூட்டி முடித்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தொகை எவ்வளவு என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு ஒரே பெருமை. பின்னே? ஒரு கூட்டமே கண்டுபிடிக்காததை ஸ்கூலை விட்ட பிள்ளை கண்டுபிடித்திருக்கிறேன்.

அதற்கு அடுத்த மார்ச், அதாவது இந்த வருஷம், அப்பா மாடிப்படி ஏறவே இல்லை. டீச்சர்தான் இறங்கி வந்தார்.

"அண்ணாச்சி, இந்த வருஷம் மாடி பூசலியா?"

"சட்டம் மாறிட்டு டீச்சர்."

"சட்டம் மாறல. எப்பவுமே அப்படித்தான்" என்றேன் நான். தப்பாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. முழுசையும் விளக்கினேன். டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கெமிஸ்ட்ரி பரீட்சை பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும்போது பார்க்கிற மாதிரி.

ஏப்ரலில் அப்பா எனக்கு ஸ்கூட்டர் வாங்கித் தந்தார். மாடி பூசாமல் மிச்சம் பிடித்த பணத்தில் வாங்கினது என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லித் திரிகிறார். சுத்தப் பொய். அது முன்பணம் மட்டும்தான். மீதி மாசத் தவணை.

அப்பா அதோடு விடவில்லை. ஆறு வருஷம் ஏமாந்தவருக்கு அடுத்தவன் ஏமாறக் கூடாது என்று ஒரு வேகம். டீக்கடையில் உட்கார்ந்து இந்தத் தெருவில் வாடகைக்கு விட்டிருக்கிற அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார். "வே, உமக்குத் தெரியுமா, ஒண்ணும் செய்யாட்டாலும் முப்பது!" இப்போது இந்தத் தெருவில் எந்த வீட்டிலும் குழாய் மாற்றுவதில்லை. நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள், ஒவ்வொரு மோட்டார் ரூமும் எப்படிப் பாசி பிடித்துக் கிடக்கிறது என்று.

ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் வாரமே சின்ன ரூமில் ஓதம் ஏறிவிட்டது. எபி படுக்கிற ரூம் அதுதான். பச்சைப் பெயின்ட் பொரிந்து பொரிந்து கட்டில் மேலே விழும். சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. எபி அதைப் பார்த்து, "சொர்ணாக்கா, இது இந்தியா மேப் மாதிரி இருக்கு, இன்னைக்கு இலங்கை வந்துட்டு" என்பான். அவனுக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. தீபாவளி வரைக்கும் இருமினான். அப்புறம் டீச்சர் நெபுலைசர் வாங்கினார். முகத்தில் அந்தக் குப்பியை மாட்டிக்கொண்டு வேனுக்கு நேரமாச்சு என்று என்னைப் பார்த்துக் கையைக் காட்டுவான். பேச முடியாதில்லையா.

நான் சும்மா இருக்கவில்லை அக்கா. அப்பாவிடம் சண்டை போட்டேன்.

"அந்த முப்பது எதுக்குத் தாரான்? ரிப்பேர் பாக்கத்தான தாரான்? அப்ப அது டீச்சருக்குச் சேர வேண்டியது."

"கட்டாயம் ரிப்பேர் பாக்கணும்னு அதுல எழுதியிருக்கா?"

"அப்படி இல்ல..."

"எழுதியிருக்கா, எழுதலியா? நீதான படிச்ச?"

எழுதவில்லை. எழுதவில்லை என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? சட்டத்தில் இல்லாததை இருக்கிறது என்பதா?

அன்றைக்குச் சாயங்காலம் டீச்சர் என்னை மாடிப்படியில் நிறுத்தினார்.

"சொர்ணா, ஒண்ணு கேட்டா செய்வியா? இந்த வருஷத்துல இருந்து பில்லு கட்டாயம்னு அண்ணாச்சிகிட்ட சொல்லு. நீ சொன்னா நம்புவாரு."

"அது பொய்ல்லா டீச்சர்."

"பொய்தான்."

"நான் பொய் சொல்ல மாட்டேன்."

"தெரியும்" என்றார். "அதான உன்கிட்ட கேக்குதேன். வேற யாரு சொன்னாலும் அவரு நம்ப மாட்டாருல்லா."

நான் சொல்லவில்லை. எனக்குச் சரி என்று பட்டது, அதனால் சொல்லவில்லை. அப்புறம் போன மாதக் கடைசியில் ஒரு நாள் எட்டு பத்துக்கு வேன் வந்து நின்றது, எபி வரவில்லை. மேலே ஏறிப் போனேன். டீச்சர் அவனை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அவன் நெஞ்சு உள்ளே உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. உதடு நல்ல நிறத்தில் இல்லை.

ஆட்டோ பிடித்தது அப்பாதான். அப்பா கெட்டவர் என்று நான் சொல்லவில்லையே. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் அவரும்தான் உட்கார்ந்திருந்தார். ஹார்லிக்ஸ், ஆரஞ்சு, பொம்மைக் கார் என்று என்னென்னவோ வாங்கினார். எதற்கும் பில் வாங்கவில்லை.

எபி வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் அப்பாவிடம் போய், "இந்த வருஷத்துல இருந்து பில்லு கட்டாயமாம்" என்றேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை என் பக்கம் நீட்டினார். "எங்க, காட்டு."

காட்ட ஒன்றும் இல்லை. அப்பா சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஏட்டி, ஆறு வருஷம் என்னைய முட்டாளாக்கிட்டானுவ. அந்த ஆறு வருஷக் காசையும் மிச்சம் பிடிச்ச பெறவுதான் இனிமே அந்த மாடியில பிரஷ் படும். அந்தப் பையன் கீழ வந்து நம்ம ரூம்ல படுக்கட்டும், நான் வேண்டாம்னா சொல்லுதேன்?"

டீச்சர் அதற்கு ஒத்துக்கொள்வாரா? வாடகை கொடுக்கிறவர் பிள்ளையை எதற்கு ஓனர் வீட்டில் படுக்கவைக்க வேண்டும்? அன்றைக்கே வேறு வீடு பார்த்துவிட்டார். தச்சநல்லூர் பக்கம். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே வேன் ஆறே முக்காலுக்கே வந்துவிடுமாம். யார் ஏற்றிவிடுவார்கள் என்று கேட்டேன். "பாத்துக்கலாம்" என்றார். டீச்சர் என் மேல் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால்கூடப் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

என் மேல் தப்பு இருக்கிறதா? உள்ளதைச் சொன்னேன். அது ஒரு தப்பா? நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி, விடுங்கள். இன்னும் நாலு நாள் வெயில் என்று செய்தியில் சொன்னான். கொத்தனாரிடம் கேட்டுவிட்டேன், நாளைக்கு ஆரம்பித்தால் சனிக்கிழமைக்குள் பூச்சு காய்ந்துவிடும் என்றார். காசுகூட இருக்கிறது. அந்த ஸ்கூட்டரை விற்றுவிடுவேன் என்றேன் அப்பாவிடம். "வித்தா அந்தக் காசும் எனக்குத்தான்" என்கிறார். வண்டி அவர் பெயரில் இருக்கிறது.

ஒன்று சொல்லட்டுமா அக்கா? நீங்கள் உள்ளே வரும்போதே எனக்குத் தோன்றியது. காட்டன் சேலை, கண்ணாடி, கையில் ஃபைல். நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, கவனித்தீர்களா? இனியும் கேட்கப் போவதில்லை. தெரிந்துவிட்டால் எனக்குத்தான் சங்கடம்.

அப்பாவுக்குச் சட்டம் மனப்பாடம். போனில் காட்டினால் போனிலேயே திருப்பிக் காட்டுவார். ஆனால் நேரில் ஓர் ஆபீசர் வந்து நின்றால் அவருக்குச் சட்டம் மறந்துவிடும். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். மேலிடத்திலிருந்து இன்ஸ்பெக்ஷன் என்றால், முந்தின நாளே ஸ்டோரில் துருப்பிடித்த கம்பிக்குக்கூடப் பெயின்ட் அடிப்பார்களாம். அவரே பெருமையாகச் சொல்வார்.

இல்லை இல்லை, எழுந்திருக்காதீர்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். வரி ஆபீசர் என்று நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல மாட்டேன். அவராக நினைத்துக்கொண்டால் அது அவர் பாடு. டீச்சர் போகாமல் நின்றுவிட்டால் இந்த வீடு உங்களுக்குக் கிடைக்காமல் போகும், அது உண்மைதான். ஆனால் அடுத்த தெருவில் நீல கேட் போட்ட வீடு காலியாக இருக்கிறது, வருஷா வருஷம் பூசுகிற வீடு. அந்த ஓனர் அம்மாவுக்கு இந்த முப்பது இன்னும் தெரியாது. அப்பா அந்தப் பக்கம் டீ குடிக்கப் போவதில்லை. நானும் சொல்ல மாட்டேன். நிஜமாக, இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

கேட் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார். சீக்கிரம் அக்கா. 'மாடி பூசின பில் இருக்கா?' என்று என்னிடம் கேளுங்கள். சும்மா, ஒரே தடவை. நீங்கள் கேட்டுவிட்டால் நான் சொல்வது பொய்யாகாது இல்லையா? கேளுங்கள்... இன்னும் கொஞ்சம் சத்தமாக... போதும், போதும்.

அப்பா, செருப்பக் கழத்திட்டு மெதுவா வாங்க. இவங்க பில்லு கேக்காங்க. மாடி பூசுன பில்லு.